ஏழு திருத்தங்களும் என் பாட்டியும்

கடந்த பருவத்தில் பயனர் இடைமுக வடிவமைப்புப் பாடத்திற்காக, மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றை வடிவமைத்தேன். என் பாட்டியை மனத்தில் வைத்தே தொடங்கினேன். அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். ரத்த அழுத்தத்திற்குக் காலையிலும் இரவிலும் மாத்திரை உண்டு.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். என் முதல் திரையைக் கொடுத்து, “இதை அழகாக்கு” என்றேன். சில நொடிகளில் வெளிர்சாம்பல் எழுத்துகளுடன் புதிய வடிவம் வந்தது. அழகாகத்தான் இருந்தது; ஆனால், வாசிக்கச் சிரமமாக இருந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கிறது, இணைய அணுகல்தன்மைக்கான அனைத்துலக வழிகாட்டி. அந்த எண்ணைக் குறிப்பிட்டதும் திருத்திக் கொடுத்தது.

அடுத்த சிக்கல் தமிழில் வந்தது. ஆங்கிலத்தில் ‘டேக்கன்’ என்று சுருக்கமாக முடிந்த பொத்தான், தமிழில் ‘எடுத்துக்கொண்டேன்’ என நீண்டது. அதைப் பொத்தானுக்குள் அடக்க உதவியாளர் எழுத்தைச் சிறிதாக்கியது. நான் பொத்தானைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டு, சொல்லையும் ‘போட்டாச்சு’ என்று மாற்றினேன். பாட்டி அப்படித்தானே சொல்வார்!

“திரை சுத்தமாக இருக்கட்டும், முடிந்ததை மறைத்துவிடு” என்பது என் அடுத்த கட்டளை. “மிகச் சிறந்த யோசனை” என்று பாராட்டிவிட்டு அப்படியே செய்தது. ஏழாவது வடிவம் தயார். எனக்கு முழுத் திருப்தி.

மறுநாள் காலை பாட்டியிடம் கைப்பேசியை நீட்டினேன். மாத்திரையை விழுங்கிவிட்டு ‘போட்டாச்சு’ பொத்தானை அழுத்தினார். காலை மாத்திரை திரையிலிருந்து மறைந்தது. அது இருந்த இடத்திற்கு இரவு மாத்திரை மேலேறி வந்தது. பாட்டி மறுபடியும் மாத்திரைப் பெட்டியைத் திறந்தார்.

“பாட்டி, வேணாம்!” என்று கையைப் பிடித்தேன்.

“இன்னும் ஒண்ணு போடச் சொல்லுதேம்மா” என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. உதவியாளர் தவறு செய்யவில்லை. நான் கேட்டதைத்தான் செய்தது. தவறு என் கட்டளையில் இருந்தது.

அன்று மாலை என் விருப்பத்தை எழுதாமல், நடந்ததை எழுதினேன்: “முதியவர் ஒருவர் பொத்தானை அழுத்தியதும் அடுத்த மாத்திரை அதே இடத்தில் தோன்றியது. அதையும் உடனே போட வேண்டும் என்று நினைத்தார்.” இம்முறை வந்த யோசனைகள் வேறு தரத்தில் இருந்தன. போட்ட மாத்திரை அதே இடத்திலேயே, சரி அடையாளத்துடனும் நேரத்துடனும் இருக்கும். இரவு மாத்திரைக்கு நேரம் வரும்வரை பொத்தானே இருக்காது.

5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். எனக்கு ஒருவரே பெரிய குறையைக் காட்டிவிட்டார்.

நீங்களும் இப்படி வடிவமைத்தால், ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம் மட்டும் கேளுங்கள். பழைய வடிவத்தை அழிக்காதீர்கள். இரண்டு மூன்று சுற்றுகளுக்கு ஒருமுறை, பயன்படுத்தப் போகிறவரின் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் கவனியுங்கள்.

எட்டாவது வடிவத்தைப் பாட்டியிடம் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினார். திரையைச் சற்று நேரம் பார்த்தார். மாத்திரைப் பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, “டீ போடவாம்மா?” என்று கேட்டார்.