பூட்டுக் குறிக்குப் பின்னால் ஒரு விதி

சாந்தன்பாறை மலைத்தோட்டத்தில் விளைந்த ஏலக்காயைப் புற்றடி ஏல மையத்தில் விற்ற விவசாயி, பணம் வரவாகிவிட்டதா என்று அறிய இன்று வங்கிக் கிளைக்கு வரவேண்டியதில்லை. கைப்பேசியில் வங்கியின் இணையதளத்தைத் திறந்தாலே போதும். முகவரிக்கு அருகே தெரியும் சிறு பூட்டுக் குறியை நம்பித்தான் அவர் கடவுச்சொல்லைப் பதிகிறார். அந்தப் பூட்டை அளிப்பவர் யார்?

ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்திற்கும் சான்றளிப்பு நிறுவனம் ஒன்று மின்னணுச் சான்றிதழ் வழங்குகிறது. அதை எவ்வாறு வழங்க வேண்டும் என்பதற்கு, சான்றளிப்பு நிறுவனங்களும் உலாவித் தயாரிப்பாளர்களும் சேர்ந்து வகுத்த அடிப்படை விதிகள் 2012 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. எழுதப்பட்ட விதி எதுவாயினும், அதை இருவர் இருவிதமாகப் படிக்க இடமுண்டு. வங்கித் தொழிலில் நாம் இதை நன்கு அறிவோம். காசோலையில் எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் வேறுபட்டால் எதை ஏற்பது? எழுத்தில் உள்ளதே தொகை என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18 முன்கூட்டியே தீர்த்து வைத்திருக்கிறது. எல்லா விதிகளுக்கும் அந்தத் தெளிவு வாய்ப்பதில்லை.

2008-இல் ஆய்வாளர்கள் சிலர், சான்றிதழின் வரிசை எண்ணை முன்கூட்டியே ஊகித்துப் போலிச் சான்றிதழ் ஒன்றைத் தயாரித்துக் காட்டினர். எனவே வரிசை எண்ணில் ஊகிக்க முடியாத எண் குறைந்தது 64 பிட் அளவுக்கு இருக்க வேண்டும் என்ற விதி 2016 செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பல நிறுவனங்கள் சரியாக 64 பிட் எடுத்துப் பயன்படுத்தின. ஆனால் வரிசை எண் நேர்ம எண்ணாகவே இருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. அதனால் முதல் பிட் எப்போதும் சுழியமாகிவிடும். எடுத்தது 64, எஞ்சியது 63.

2019 தொடக்கத்தில், மொஸில்லாவின் நம்பிக்கைப் பட்டியலில் இடம் கோரிய டார்க்மேட்டர் நிறுவனத்தின் சான்றிதழ்களைப் பரிசீலித்தபோது இது வெளிப்பட்டது. ஆப்பிள், கூகுள், கோடாடி ஆகியவையும் அதே வழியில் சான்றிதழ் வழங்கியிருந்தன. ஒரு பிட் குறைந்ததால் எவருக்கும் இழப்பு நேரவில்லை. 63 பிட்டும் ஊகிக்க இயலாத பேரெண்ணே. ஆயினும் கடுமையான பொருளே ஏற்கப்பட்டு, லட்சக்கணக்கான சான்றிதழ்கள் மாற்றப்பட்டன. தமக்குச் சாதகமான பொருளை ஒவ்வொருவரும் கொண்டால், அடுத்த முறை குறைவது ஒரு பிட்டாக மட்டும் இராது.

விதி தளர்ந்தால் என்ன நேரும் என்பதை நம் நாடும் கண்டிருக்கிறது. 2014 ஜூலை 2 அன்று, தேசியத் தகவலியல் மையத்தின் பெயரில் கூகுள் முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்ததைக் கூகுள் கண்டறிந்தது. அத்தகைய சான்றிதழைக் கையில் வைத்திருப்பவர், பூட்டுக் குறியுடனேயே போலித் தளத்தைக் காட்ட இயலும். மறுநாளே இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டு அதிகாரி அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார்.

ஆகவே, பூட்டுக் குறி மட்டும் போதாது. மோசடித் தளமும் தன் பெயருக்கு முறையாகவே பூட்டுப் பெறலாம். பெயரையும் படிக்க வேண்டும். இதற்காகவே வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. மட்டுமே அதைப் பதிவுசெய்து தரும். வங்கியல்லாதோர் அம்முகவரியைப் பெற இயலாது.

குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அதன் முடிவைப் பாருங்கள். ஐயம் எழுந்தால் கடவுச்சொல்லைப் பதியாமல் கிளையை அணுகுங்கள். விதியில் ஐயம் வந்தால் கடுமையான பொருளைக் கொள்வதே வங்கியாளருக்கு அழகு; முகவரியில் ஐயம் வந்தால் விலகி நிற்பதே வாடிக்கையாளருக்குக் காப்பு.