வைத்தியம் ஊர் தேடி வர வேண்டும்

சிதறாலில் ரப்பர் பால் வெட்டும் ஒருவருக்கு மனநோய் வந்தால் எங்கே கொண்டு போவது? அந்தக் காலத்தில் நம் பெரியவர்களுக்குத் தெரிந்த இடம் திருவனந்தபுரம் ஊளம்பாறை. 1870-ல் திருவிதாங்கூர் ஆட்சியில் தொடங்கிய மனநோய் மருத்துவமனை அது. ‘ஊளம்பாறை’ என்ற பெயரையே கேலிச்சொல்லாக்கி நோயாளிகளை நோகடித்தது ஊர்.

1956 நவம்பர் 1-ல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. நம் மாநிலத்தின் பெரிய மனநோய் மருத்துவமனையோ சுமார் 700 கி.மீ. தள்ளி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. நோயாளியோடு துணைக்கு ஒருவர் போனால் கூலிவேலைக் குடும்பத்தில் இரண்டு பேர் வருமானம் நின்றுவிடும். தலித் குடும்பத்துக்கோ, ஏற்கெனவே சுமக்கும் சாதி இழிவின் மேல் ‘பைத்தியக்காரன் வீடு’ என்ற பெயரும் ஏறும். அதனால் பலர் நோயை மறைத்தார்கள். கோயில், தர்கா என்று அலைந்தார்கள்.

இந்தத் தூரத்தைக் குறைக்கப் பிறந்ததுதான் சமூக மனநல மையம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 1975-ல் சமூக மனநலப் பிரிவைத் தொடங்கி, நகருக்கு வெளியே சகலவாரா கிராமத்தில் மையம் அமைத்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் கிராமப் பணியாளருக்கும் பயிற்சி கொடுத்தால், மனநோயையும் வலிப்பையும் உள்ளூரிலேயே கண்டறிந்து மருந்து தர முடியும் என்று அங்கே காட்டினார்கள். பிறகு பெல்லாரி மாவட்டம் முழுவதும் அதைச் செய்து பார்த்தார்கள். 1982-ல் தேசிய மனநலத் திட்டமும், 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. தமிழகத்தில் முதலில் திருச்சியில் தொடங்கி, மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது.

திட்டம் வந்த பிறகும் அது எட்டாத இடங்களில் சங்கிலி இருந்தது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அரசின் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. அதில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் இடத்தில் ‘சாதி’ என்ற சொல்லையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. வகுப்பறையிலும் விடுதியிலும் சாதியின் பெயரால் அவமானப்பட்டு, உறக்கம் கெட்டுத் தவிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்த உரிமை உண்டு.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். ஆனால் மாதந்தோறும் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். மனநல மருத்துவர் எந்த நாளில், எந்த மருத்துவமனைக்கு வருகிறார் என்ற அறிவிப்பு தலித் குடியிருப்புகளிலும் ஒட்டப்பட வேண்டும். அடுத்த கிராம சபையில் இந்த இரண்டையும் தீர்மானமாகக் கேட்போம். படித்த பிள்ளைகள் மனுவை எழுதிக் கொடுங்கள்.