மறைந்திருக்கும் ஊர்

நடு அந்தமானின் வடகோடியில் இருக்கிறது மாயாபந்தர். அங்கு வளர்ந்தவன் நான். அதன் அருகிலேயே வெபி என்றோர் ஊர் உண்டு. கரேன் மொழியில் அப்பெயருக்கு 'மறைந்திருக்கும் ஊர்' என்று பொருள் சொல்வர். பெயர் பொய்யன்று, பள்ளித் தோழன் ஒருவன் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்லும்வரை நானே அவ்வூரைக் கண்டதில்லை!

கரேன் மக்கள் பர்மாவில் வாழும் இனத்தாருள் ஒருவர்; ஆனால் பர்மியர் அல்லர். அந்தமான் காடுகளில் மரம் வெட்ட வெள்ளையர் அரசுக்கு ஆள் வேண்டியிருந்தது. இன்சீன் நகரில் கரேன் இறையியற் பள்ளியை நடத்திவந்த அமெரிக்கப் பாதிரியார் மார்ஷல் தம் மக்களிடையே செய்தி பரப்பினார். 1925-இல் முதற் குடும்பங்கள் கப்பலேறின. நம்மவர் பிழைப்புத் தேடி ரங்கூனுக்குச் சென்றுகொண்டிருந்த அதே காலத்தில், அதே வங்கக் கடலில், அவர்கள் இப்பக்கம் வந்தார்கள். கூலிக்கு மரம் வெட்டினார்கள். பிறகு காட்டைத் திருத்தி நெல் விதைத்தார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியின் துன்பத்தையும் கண்டார்கள். வெபியிலிருந்து கிளைத்த ஊர்கள் இன்று பல. 2025-இல் வெபிக்கு நூறாண்டு நிறைந்தது.

தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய மரவீடு, படகு செய்யும் கைத்திறன், காட்டையும் கடலையும் அறிந்த கண் — இவையே அவ்வூரின் பழஞ்செல்வம். கோட்டையோ கல்வெட்டோ தேடிச் செல்பவர் ஏமாந்து திரும்புவர். தோழன் வீட்டில் 'ஙப்பி' வைத்தார்கள். இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது அது. வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஆனால், 'ங'வில் தொடங்கும் சொல் ஒன்றை வாழ்நாளில் முதன்முதலாக உண்டேன் என்று பெருமை கொள்ளலாம் அன்றோ!

அவ்வீட்டுப் பெரியவர் தம் வேதப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். வட்ட வட்டமான எழுத்துக்கள். 1830-களில் ஜொனதன் வேட் என்ற பாதிரியார் பர்மிய எழுத்தைக் கொண்டு கரேன் மொழிக்கு அமைத்த நெடுங்கணக்கு அது. அந்தப் பர்மிய எழுத்தோ, மோன் எழுத்தின் வழியே, நம் பல்லவர் காலத்து எழுத்தோடு உறவு கொண்டாடுவது. ஆகவே அப்பக்கம் எனக்கு முற்றிலும் அயலாகத் தோன்றவில்லை. எனினும் ஓரெழுத்தும் படிக்க இயலவில்லை. அருகிலிருந்த தோழனை நோக்கினேன். அவனும் தலையைச் சொறிந்தான்.

அந்தமான் அரசுப் பள்ளிகளில் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமின்றி வங்காளமும் தெலுங்கும் தமிழும் பயிற்று மொழிகளாக இருந்து வந்துள்ளன. நான் தமிழில் அரிச்சுவடி படித்தேன். கரேன் மொழி அவ்வரிசையில் இடம்பெறவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் பேசும் மொழிக்குத் தனிப் பள்ளியா என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியை நான் ஏற்கவில்லை. தேவாலயமே அவர்களுக்குத் தமிழ்ச் சங்கமும் திண்ணைப் பள்ளியும். அங்குப் பாடுகிறார்கள், அங்கு எழுத்துக் கூட்டுகிறார்கள். தோழனோ ஞாயிறுதோறும் பந்து விளையாடப் போனவன், எழுத்தைத் தவறவிட்டான்.

நானும் அவனும் பேசிக்கொள்வது இந்தியில். கடந்த விடுமுறையில் அவன் வீட்டுக்குச் சென்றபோது, பெரியவர் அவனுடைய தங்கைக்கு எழுத்துக் கற்பித்துக்கொண்டிருந்தார். அவன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, வலை பின்னுவது போல் பாவனை செய்தபடி, உதடு அசையக் கேட்டுக்கொண்டிருந்தான்.