பள்ளிக்கு ஒரு கணினி: பொருத்தம் பார்த்துப் பாகம் வாங்குவோம்

எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவர்கள் தந்த பணமும் முன்னாள் மாணவர்கள் தந்ததும் சேர்ந்து 30,000 ரூபாயை ஒட்டி வந்தது. பள்ளியில் பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இருந்தன. சி.பி.யு. பெட்டியை மட்டும் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். வாங்கியபின் ஒரு பாகம் இன்னொன்றோடு சேரவில்லை என்றால், அந்தப் பெற்றோரிடம் மறுபடி போய் நிற்க முடியாது. அதனால் கடைக்குப் போவதற்கு முன்பு இரண்டு வாரம் காகிதத்திலேயே கணக்குப் போட்டோம். இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு அந்தக் கணக்கு உதவும்.

பொருத்தம் என்றால் என்ன என்பதைப் போடிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. 2010 இறுதியில் மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் நின்றது. தண்டவாளத்தின் அகலம் 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டராக மாறி, 2023 ஜூன் 15 அன்றுதான் மீண்டும் ரயில் வந்தது. பழைய பெட்டிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் புதிய தண்டவாளத்தில் ஓடாது. கணினியில் அந்தத் தண்டவாளம்தான் மதர்போர்டு. எந்தப் பிராசசர், எந்த ரேம், எந்த எஸ்.எஸ்.டி. என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று ரேமையோ பிராசசரையோ தனியாக முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள்.

முதலில் நம் வேலை என்ன என்று எழுதிக்கொள்ள வேண்டும். எமிஸ் பதிவு, வினாத்தாள் தட்டச்சு, புரொஜெக்டரில் காணொலி, ஜியோஜீப்ரா, ஸ்கிராட்ச். இவற்றில் எதற்கும் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். இங்கேதான் ஒரு சிறு எழுத்து பெரிய செலவை இழுத்துவிடும். இன்டெல் ஐ3-12100 என்ற பிராசசரில் கிராபிக்ஸ் உண்டு. ஐ3-12100எஃப் சற்று மலிவு, ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. அதை வாங்கிப் பூட்டினால் திரையில் ஒன்றும் வராது, தனி கார்டு வாங்கியாக வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகையில் இதற்கு நேர்மாறாகப் பார்க்க வேண்டும். ரைசன் 5 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, 'ஜி' இல்லாத 5600-இல் இல்லை. விலைப்பட்டியலில் கடைசி எழுத்தை விரல் வைத்துப் படியுங்கள்.

பிராசசர் உட்காரும் இடம் சாக்கெட். எல்.ஜி.ஏ.1700 என்பதில் உள்ள எண், தொடுமுனைகளின் எண்ணிக்கை. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் இதில் உட்காரும். 10, 11ஆம் தலைமுறைக்கு எல்.ஜி.ஏ.1200. உட்கார்ந்துவிட்டால் வேலை செய்யும் என்றும் சொல்ல முடியாது. செகண்ட் ஹேண்டில் அதிகம் கிடைக்கும் எல்.ஜி.ஏ.1151 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் எண் ஒன்றே. ஆனால் 8ஆம் தலைமுறைப் பிராசசரை 6ஆம் தலைமுறைக்கான பலகையில் வைத்தால் இயங்காது, சிப்செட் வேறு. புதிய பலகையிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 12ஆம் தலைமுறைக் காலத்தில் தயாராகிக் கடையில் கிடந்த எச்610 பலகையில் 14ஆம் தலைமுறைப் பிராசசரை வைத்தால், பயாஸ் புதுப்பிக்கும் வரை அது எழாது. 'பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா?' என்று கேட்டால் கடைக்காரரும் நம்மிடம் கவனமாகப் பேசத் தொடங்குவார்!

ரேமைப் பற்றிச் சுருக்கமாக. டி.டி.ஆர்.3, 4, 5 மூன்றும் ஒரே நீளம், ஆனால் கீழே உள்ள வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது, அழுத்தினால் உடையும். எச்610 என்ற ஒரே பெயரில் டி.டி.ஆர்.4 பலகையும் உண்டு, டி.டி.ஆர்.5 பலகையும் உண்டு. எனவே பலகையின் முழு மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதான மடிக்கணினியிலிருந்து கழற்றிய ரேம் பாதி நீளம்தான், மேசைக் கணினிக்கு உதவாது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. போதும் என்பது ஏட்டுக் கணக்கு. எட்டுக்குக் குறைவாக வாங்க வேண்டாம். 8 ஜி.பி. ஒரே துண்டாக வாங்கி ஒரு துளையைக் காலியாக விட்டால், அடுத்த ஆண்டு இன்னொன்று சேர்க்கலாம்.

எஸ்.எஸ்.டி.யில் எம்.2 வகை சூயிங்கம் பட்டைபோல இருக்கும். ஒரே உருவத்தில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு உண்டு. சில பலகைகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். பள்ளிக்கு 256 ஜி.பி. தாராளம்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். பட்ஜெட் இடித்தால் எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான். கேபினட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸில் '500 வாட்' என்று ஒட்டியிருப்பார்கள். நமக்கு அவ்வளவு வாட் தேவையே இல்லை. ஐ3-12100 உச்சத்தில் எடுப்பது 89 வாட். பலகை, ரேம், எஸ்.எஸ்.டி., விசிறி எல்லாம் சேர்த்தாலும் 150-ஐத் தாண்டாது. வாட் எண்ணிக்கையைவிட, மின்னழுத்தம் எகிறும்போது தன்னை அணைத்துக்கொள்ளும் பாதுகாப்புதான் முக்கியம். மலையடிவாரத்தில் காற்று மழைக் காலத்தில் மின்சாரம் போய்ப்போய் வரும். குரங்கணிப் பக்கம் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது மலிவான எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் போகாமல், பலகையையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். பெயர்பெற்ற நிறுவனத்தின் 450 வாட் ஒன்று போதும். கேபினட்டில் கண்ணாடி, வண்ண விளக்கு வேண்டாம். அந்தக் காசை இங்கே போடுங்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றும் அவசியம். அதற்கு முன், வகுப்பறை பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது துளை இருப்பதாலேயே அதன் பின்னால் கம்பி இருக்கும் என்று நம்ப முடியாது.

பழைய மானிட்டரிலும் புரொஜெக்டரிலும் நீல நிற வி.ஜி.ஏ. மட்டும்தானா? பின்புறம் வி.ஜி.ஏ. உள்ள பலகையாகக் கேளுங்கள். எச்610 பலகைகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ.யோடு அதுவும் இருக்கிறது. மாற்றி வாங்கும் செலவு மிச்சம்.

எல்லாப் பள்ளிக்கும் புதுப் பெட்டி தேவை என்று நான் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய கணினிகள் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. அதற்காக அவற்றை மூலையில் போட வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி. பூட்டி, உபுண்டு போன்ற கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றினால் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் நன்றாகவே ஓடும். போடிமெட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். அங்கே கேரள அரசுப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில்தான் பாடம் நடக்கிறது. பணம் 5,000-க்குள் இருக்கிறது என்றால் இதுவே என் பரிந்துரை.

வாங்கும்போது கடையிலேயே பூட்டி, திரையில் படம் வந்ததைப் பார்த்தபின் பணம் கொடுங்கள். பிராசசர் சீல் வைத்த அட்டைப்பெட்டியில் வர வேண்டும். 'ட்ரே' என்று தனியாகத் தருவதில் விசிறியும் இருக்காது, தயாரிப்பாளரின் உத்தரவாதமும் இருக்காது. மழை மாதங்களில் ஏலக்காயைக் காற்றுப்படாமல் கட்டி வைக்கிற ஊர் இது. கணினிக்கு அப்படிச் செய்யக் கூடாது. நெகிழி உறையால் இறுக மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணி போர்த்தி, விடுமுறையிலும் வாரம் இருமுறை அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஜி.எஸ்.டி. ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் எழுதி வாங்கி, அதை அப்படியே இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றுங்கள். மூன்றாண்டு உத்தரவாதம் உள்ள பாகம் இரண்டாம் ஆண்டில் பழுதானால், அப்போது நீங்கள் வேறு பள்ளிக்கு மாறுதலில் போயிருக்கலாம். அடுத்து வரும் ஆசிரியருக்கு அந்தப் பக்கம் இருந்தால் போதும்.