ஆழம் வேண்டாம்... நிழல் போதும்! மரச்சிற்பம் எழும்பி நிற்கும் ரகசியம்

துப்பாக்கியின் மரக்கட்டையிலோ கோயில் தேரிலோ செதுக்கிய பூ தட்டையாகத் தெரிந்தால், இன்னும் ஆழமாகத் தோண்டத்தான் கை போகும். ஆபத்தே அங்கேதான். துப்பாக்கிக் கட்டையின் கழுத்து மெலிந்தால், சுடும் அதிர்வில் முறிந்துவிடலாம்.

புடைப்புச் சிற்பத்தை எழுப்பிக் காட்டுவது நிழல். பக்கவாட்டில் விளக்கை வைத்தால் மேடு பள்ளம் புரியும். பூவைச் சுற்றியுள்ள மரத்தைச் சீராக இறக்கி, இதழ் ஓரங்களை உருட்டிவிட்டாலே போதும். மரத்தின் ரேகைக்கு எதிராக உளி போனால் சிலாம்பு பெயரும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட வட்டாரங்களில் இன்னொரு கவனமும் தேவை. ஈரம் காயாத மரம் வெயிலில் வெடித்து, செய்த வேலையே பாழாகும்.

2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பங்கள் பெரும்பாலும் ஒரே கட்டையில் செதுக்கப்படுபவை. அதில் உளி ஒரு நூல் தவறினாலும் சரிசெய்வது கடினம். எனவே, அடுத்த தட்டுக்கு முன் விளக்கை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்!