அம்மம்மாவின் முகமும் ஹான்ஸ் குதிரையும்

என் மகளுக்கு ஐந்து வயது. அம்மம்மா எழுத்து அட்டைகளைப் பரப்பி, "ளானா எங்க?" என்றால் சரியாகத் தொடுவாள். வீட்டில் ஒரே பெருமை. எனக்கோ பெர்லின் குதிரையின் ஞாபகம்.

1904இல் வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியரின் குதிரை ஹான்ஸ், கணக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொன்னது. ஏமாற்று இல்லை என்று ஒரு குழுவே சொன்னது. பிறகு ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் ஒன்றை மாற்றிப் பார்த்தார்: விடை தெரியாத ஆளைக் கேட்கவிட்டார். குதிரை தோற்றது. சரியான எண் வந்ததும், விடை தெரிந்தவரின் தலை அவரை அறியாமலே லேசாக அசையும். ஹான்ஸ் அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது.

அம்மம்மாவைத் திரும்பி இருந்து கேட்கச் சொன்னேன். பத்தில் நாலுதான் சரி. அவரின் முகம் வாடிப்போச்சு.

"அப்ப பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதோ?"

"உங்கட முகத்தை வடிவா வாசிக்கிறாள் அம்மா. எழுத்தில எது தெரியாதெண்டு இப்பதானே எங்களுக்கு விளங்குது. அந்த நாலும்கூட குருட்டுவாக்கில வந்திருக்கலாம். நாளைக்கும் கேப்பம்."

இப்போது அந்த ஆறு எழுத்துகளைத்தான் படிக்கிறோம். நீங்களும் ஒருக்கா திரும்பி இருந்து கேட்டுப் பாருங்கோ.