70 நாள் விருந்தாளிகள்

எங்கள் சின்னாளபட்டிக்கு யாராவது கலைஞர் வந்து தங்கப்போகிறார் என்றால், “எத்தனை நாளைக்கு?” என்றுதான் முதலில் கேட்பேன். கலைஞர் ஓர் ஊரில் தங்கி, அங்குள்ளவர்களோடு சேர்ந்து ஒரு படைப்பைச் செய்வதற்கு ‘ரெசிடென்சி’ என்று பெயர்.

பெயர்தான் புதிது. 1977-இல் பக்கத்துக் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் 70 நாள் பட்டறை நடந்தது; நாடக இயக்குநர் எஸ். ராமானுஜம் அதில் முக்கியப் பங்காற்றினார். ரெசிடென்சி என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அதில் பயின்ற மு. ராமசாமி அடுத்த வருஷமே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். நாள் கணக்கு வேலை செய்யும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் சுங்குடிச் சேலை வேலையைக் கற்கவும் அப்படி நாள்கணக்கில் தங்கும் பொறுமை தேவை. துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இறுகச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால், முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் பொட்டாக நிற்கும். என் பெரியம்மா ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டுவார். கண் துணியில் இருக்காது. ஒருமுறை படம் எடுக்க வந்த பிள்ளைகளிடம், “கட்டிப் பாக்குறியாப்பா?” என்றார். நேரமில்லை என்று கிளம்பிவிட்டார்கள்.

வருகிறவர்களே, இரண்டு மாதமாவது இருங்கள். படைப்பில் உங்கள் பெயரோடு கட்டியவர் பெயரையும் போடுங்கள். கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.